ஹேலிங்டனுக்கெல்லாம்

"ஹேலிங்டனுக்கெல்லாம் இப்ப யாரு கோகி போறாங்க?" என்று சொல்லிவிட்டு வேணியக்கா வரிசையில் ஒரு எட்டு முன்னால் நகர்ந்தாள். நகர்ந்த கையோடு முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு மேடையை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது. கோகிலவாணிக்கு முடியவில்லை. பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத்தூள் போல அந்த ஒரு சொல், சொல்கூட இல்லை, சொல்லின் வால், அந்தக் 'கெல்லாம்', நாக்கு திரும்பத் திரும்பப் போய்த் தொடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஹேலிங்டனுக்குக் 'கெல்லாம்' போட்டுவிட்டாளே. இவளா. அந்தப் பேரைச் சொல்லும்போதே உதட்டைக் குவித்து, குலதெய்வத்தின் பேரைச் சொன்னதுபோல ஒரு நொடி நிறுத்தி, அப்புறம்தானே அடுத்த வார்த்தைக்குப் போவாள், அவளா. அவினாசி ரோட்டு மண்டபத்தில், புருஷனின் பெரியப்பா பேத்தியின் மகளுக்கு வரவேற்பு. மேடையிலிருந்து நடுவாசல் வரைக்கும் பாம்பாக வளைந்து வரிசை நின்றது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்து, கையிலிருக்கும் பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, மறுபக்கம் இறங்கினால் சாப்பாடு. அவ்வளவுதான் வேலை. அதற்கு முன்னால் சும்மா நிற்கிற நேரத்தில், சும்மா ஒரு பேச்சுக்கு, வேணியக்கா நாற்பது வருஷத்தைக் கரித்துணியால் துடைக்கிறாற்போல் துடைத்துப் போட்டுவிட்டாள். மேளக்காரர்கள் போய் இப்போது ஆர்க்கெஸ்ட்ரா. டிரம்ஸ் அடிக்கிற அடி மார்க்கூட்டுக்குள் அதிர்ந்தது. குளிர்சாதனம் இந்த வளைவு வரைக்கும் எட்டவில்லை. முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. முழங்கால் வலித்தது. அறுபத்து நாலு வயதில் முழங்கால் வலிக்கத்தான் செய்யும், அதற்கும் இவளா காரணம் என்று நினைத்துப் பார்த்தாள். ஆமாம், இவள்தான் என்று தோன்றியது.

வேணியக்கா என்கிற அம்சவேணி, புருஷனுடைய அண்ணன் ஈஸ்வரமூர்த்தியின் மனைவி. மூத்த ஓரகத்தி. மூத்தவர் ஹேலிங்டன் கல்லூரியில் படித்தவர், மகன் பிரணவும் அங்கேயேதான் படித்தான். அமெரிக்காவிலிருந்து அவர்கள் வருகிற டிசம்பரில் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். பெட்டியைத் திறந்தால் முதலில் வெளியே வருவது அந்தக் குங்கும நிறச் சட்டைகள், நெஞ்சில் வெள்ளை எழுத்தில் கல்லூரிப் பேர். கார் ஓட்டுகிறவருக்குத் தொப்பி, மாமியாருக்குச் சால்வை, வீட்டுக்குப் பொதுவாக ஒரு பீங்கான் கோப்பை. அந்தக் கோப்பையில் ஒருநாள் கோகிலவாணி காப்பி ஊற்றிக் குடித்துவிட்டாள். மற்றதெல்லாம் கழுவப் போட்டிருந்தது, கைக்குக் கிடைத்ததை எடுத்தாள். "அதுல ஏங் குடிச்சே? அது ஈசுவரன் காலேசுக் கோப்பை" என்று மாமியார் பதறிப்போய் வாங்கிக் கழுவி, துடைத்து, திரும்ப ஷோகேஸில் வைத்தாள். எச்சில் பட்ட சாமிப் பாத்திரத்தைக் கழுவுகிற கழுவல் அது. உதட்டில் அந்தக் கோப்பையின் விளிம்பு இப்போதும் வழவழவென்று இருந்தது. தடிமனான விளிம்பு. வேணியக்கா அப்போது சோபாவில்தான் உட்கார்ந்திருந்தாள். "விடுங்கத்தே, கோகிக்குத் தெரியாதல்ல" என்றாள். தெரியாதல்ல. அப்புறம் மகள் தர்ஷினி பன்னிரண்டாவது படித்த வருஷம். பொள்ளாச்சி ரோட்டில் ஆனைமலை இன்ஸ்டிட்யூட் தொடங்கியே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நாலு தகரக் கொட்டகை, ஒரு போர்வெல், ஊர் பேர் தெரியாத வாத்தியார்கள். மகள் அங்கேதான் சேருவேன் என்றாள். வேணியக்கா முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே, "இங்கத்த காலேஜெல்லாம், பாவம், நல்லாப் படிக்கிற புள்ள" என்றாள். அன்றைக்கு 'எல்லாம்' இங்கே இருந்தது. இங்கே, இந்த வீட்டுப் பிள்ளையின் தலைமேல். இன்றைக்கு அதைச் சாவகாசமாக எடுத்து அங்கே வைக்கிறாள். வைத்தது யார்? அதே வாய். எடுக்கவும் அவள், வைக்கவும் அவள். மட்டம் எது, உசத்தி எது என்று சொல்கிற சாவி மட்டும் அவள் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

வரிசை நகரவில்லை. மேடையில் ஏதோ பெரிய குடும்பம், பத்துப் பதினைந்து பேர் ஒரே போட்டோவில் அடைந்துகொள்ளப் பார்த்தார்கள். முன்னால் நிற்கிறவளின் கழுத்து கோகிலவாணியின் கண்ணுக்கு நேராக இருந்தது. வயசாகியும் சுருக்கம் அதிகம் விழாத கழுத்து. குளிர்நாட்டில் இருந்த கழுத்து. நானும் இருந்திருப்பேன் என்று அவள் நினைத்தாள். நினைக்கக் கூடாது என்று எத்தனையோ தரம் முடிவு செய்த நினைப்பு அது. காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர், பச்சைத் திரை போட்ட சின்னச் சின்ன அறைகள், கடகடவென்று சுற்றுகிற ஃபேன். இருபத்திரண்டு வயசு. சிவில் இஞ்சினியரிங் கடைசி செமஸ்டர். லிண்ட்க்விஸ்ட் என்று ஒரு புரொபசர், ஹேலிங்டனில் நீரியல் துறை, நொய்யல் ஆற்றைப் பற்றி அவள் எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டுப் பதில் போட்டிருந்தார். இடம் உண்டு, வகுப்பில் உதவி செய்தால் படிப்புக்குச் செலவில்லை, செப்டம்பரில் வந்துவிடு. அந்த 'வந்துவிடு'வை அவள் எத்தனை தரம் படித்தாள். பக்கத்து அறையில் ஒரு பையன் கேம் விளையாடிக்கொண்டிருந்தான், துப்பாக்கிச் சத்தம். அப்பாவிடம் சொன்னபோது அப்பா சந்தோஷப்பட்டார். அதுதான் கொடுமை, முதலில் சந்தோஷம்தான் பட்டார். நாலு நாள் கழித்துத்தான், "பொட்டப்புள்ளயத் தனியா எப்படி அம்மிணி அனுப்பறது" என்றார். அந்த வாரமே இந்த ஜாதகம் வந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் அதே ஹேலிங்டனில் படித்தவராம். அதே காலேஜ்! அப்பாவுக்குச் சாமியே கண் திறந்ததாகத் தோன்றியது. "கல்யாணத்த முடிச்சு ரெண்டு பேருமே போங்க, அங்க ஒரு குடும்பமே இருக்குது" என்றார். அந்தப் பேரைக் காட்டித்தான் அவளை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தபிறகு ஆடி கழியட்டும் என்றார்கள், மாமனாருக்கு ஆபரேஷன் முடியட்டும் என்றார்கள், புரொபசர் ஒரு வருஷம் இடத்தை வைத்திருந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது புருஷன் மோகனசுந்தரம் வந்து நின்றார். "அண்ணிகிட்ட இதச் சொல்லீராத. நான் ரெண்டு தரம் அங்க அப்ளை பண்ணி வேண்டாம்னு எழுதிட்டாங்க. உனக்குக் கெடச்சுதுன்னா..." என்றார். நல்ல மனுஷன். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவர் இப்போது முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருப்பார், சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மைசூர்பாகைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன கோகி, சத்தத்தையே காணோம்?" என்று வேணியக்கா திரும்பினாள். "நான் சொன்னது கேட்டுச்சா? பேரன் ஆதவ் உங்க ஆனைமலைக்குத்தான் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். பிரணவுக்கும் அதான் ஆசை. அங்க இப்ப என்ன இருக்குது சொல்லு. பெரிய பேரு காலேஜ் நாலஞ்சு அப்படியே நிக்குது, அதுக்குள்ள நொழைய முடியாது. நடுவுல இருந்ததெல்லாம் கரைஞ்சு போச்சு. வெளிநாட்டுப் புள்ளைங்க வரல, அப்புறம் உள்ளூருப் புள்ளைங்களும் வரல. எந்தக் கம்பெனி இப்ப எந்த காலேஜுன்னு கேக்குது? அவங்களே பரீட்சை வெக்கறாங்க, தேறுனா எடுத்துக்கறாங்க." சேலை விலையைச் சொல்கிற குரலில் சொன்னாள். "தர்ஷிகிட்ட ஒரு வார்த்த சொல்லீரு. அவதான அட்மிஷன்ல எல்லாம்." கோகிலவாணி, "அங்க பேரே பாக்க மாட்டாங்கக்கா, நம்பர்தான்" என்றாள். "அதான் சொல்றேன். நம்பர் இன்னாருதுன்னு தெரிஞ்சா போதுமில்ல" என்று வேணியக்கா கண்ணைச் சிமிட்டினாள். சிமிட்டலில் பழைய வேணி அப்படியே இருந்தாள். அவளுக்குத் தெரியாது. ஆனைமலையில் சிபாரிசு என்றால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. யாருக்காவது பேச யாராவது வந்தால், வந்த ஆளையும் அந்தப் பிள்ளையின் பேரையும் தர்ஷினி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு அங்கே கதவு சாத்தினது சாத்தினதுதான், மறு வருஷமும் திறக்காது. போன வருஷம் தன் சொந்தப் பள்ளிக்கூட டீச்சர் மகனுக்கே எழுதிக் கொடுத்தாள் மகள். டீச்சர் இப்போது கடைவீதியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். இதை இவளிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லிவிடலாம். வாய் திறந்தது. "ம்" என்று மட்டும் வந்தது.

கரைஞ்சு போச்சு என்கிறாளே, எவ்வளவு லேசாக. கோகிலவாணி அதைக் கரைய விட்டதே இல்லை. பிள்ளை பெற்ற பிறகும், மாமியார் படுக்கையில் கிடந்தபோதும், மத்தியானம் எல்லாரும் தூங்குகிற நேரத்தில் அந்தக் கல்லூரியின் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். ஏரியின்மேல் கல்பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் நீரியல் கட்டிடம், ஐப்பசியில் சிவந்துபோகிற மரங்கள். எந்த ஜன்னல் என்றுகூட ஒரு ஜன்னலைப் பிடித்து வைத்திருந்தாள். பார்த்துப் பார்த்து வெறுத்தாள். அந்த வெறுப்பைப் பாலூட்டி வளர்த்தாள், அது கொழுத்து நன்றாக இருந்தது, ஏனென்றால் வெறுக்கத் தகுந்த உயரத்தில் அது இருந்தது. பிறகு ஒருநாள் நீரியல் துறையை மூடினார்கள். ஏரிக்கரையை விற்றார்கள். பிள்ளைகள் தங்கிய விடுதிகளை வயசானவர்களுக்கு வீடாக்கினார்கள், பழைய மாணவர்களுக்குச் சலுகை. மூத்தவரும் வேணியக்காவும் அங்கேயே ஒரு வீடு எடுத்துப் போனார்கள். போன வருஷம் மூத்தவர் அங்கேயேதான் போய்ச் சேர்ந்தார். இவள் அந்த இடத்தில் குளித்து, சமைத்து, பாத்ரூம் பைப்பில் எப்போதும் ஒரு வாடை என்று குறைப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டு வந்திருக்கிறாள். வாடையாம். அந்தச் சேதிகளைப் படித்த அன்று கோகிலவாணிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எத்தனை வருஷம் வேண்டிக்கொண்டது, நாசமாய்ப் போகட்டும் என்று. வரவில்லை. அது ஒன்றுமில்லாத இடமென்றால் அப்போ நான் எதற்காகக் கோப்பையைக் கழுவக் கொடுத்தேன்? எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்? திருடு போனது வெறும் கல் என்று திருடினவளே வந்து சொல்கிறாள். சொல்லிவிட்டுத் திருட்டும் இல்லை என்கிறாள். பயமாக இருந்தது. நாளைக்கு ஆனைமலைக்கும் ஒருத்தி 'கெல்லாம்' போடுவாள், தர்ஷினியின் பிள்ளைகள் காலத்தில், வேறு எதற்கோ கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. போடட்டும். அதுவல்ல. இவள் போடக் கூடாது. யார் வேண்டுமானாலும் போடலாம், இவள் போடக் கூடாது.

"எனக்கு அங்க எடம் கெடச்சுதுங்க்கா" என்று கோகிலவாணி சொன்னாள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. வேணியக்கா, "எங்க?" என்றாள். "ஹேலிங்டன்ல. கல்யாணத்துக்கு முந்தி. நீரியல். செலவெல்லாம் அவங்களே குடுக்கறேன்னாங்க. எங்கப்பா இந்தச் சம்பந்தத்துக்கு ஒத்துக்கிட்டதே அதுக்குத்தான்." குரல் நடுங்காமல் வந்தது. அந்த ஆச்சரியத்தில் வேணியக்காவின் முகத்தையே பார்த்தாள். ஒரு வரி, கண்ணோரம் ஒரே ஒரு சுருக்கம் அசைந்தால் போதும், நாற்பது வருஷத்துக்கு அது போதும். வேணியக்கா புருவத்தை உயர்த்தினாள். யோசித்தாள். பிறகு கோகிலவாணியின் மணிக்கட்டைப் பிடித்து, நிஜமான அக்கறையோடு, பொய் துளியும் இல்லாமல், "நல்லவேள போகாம இருந்தே, கோகி" என்றாள். "போயிருந்தா நீயும் எங்களாட்டம் அந்த ஊட்ல ஒத்தையாக் கெடந்திருப்பே. இங்க பாரு, பொண்ணு பக்கத்துலயே இருக்கறா, பெரிய எடத்துல இருக்கறா. நீ கெட்டிக்காரி." கெட்டிக்காரி. பிடித்த கை மென்மையாக, கிரீம் வாசனையோடு இருந்தது. கோகிலவாணி அந்தக் கையை உதறவில்லை. உதற ஏதாவது கிடைத்திருந்தால் உதறியிருப்பாள். அக்கறையை எப்படி உதறுவது? டிரம்ஸ்காரன் வேகத்தைக் கூட்டினான். வரிசை திடீரென்று இளகி, பின்னால் இருந்தவர்கள் தள்ள, இரண்டு பேரும் படி வரைக்கும் போய்விட்டார்கள்.

மேடையில் வெளிச்சம் சுட்டது. பெண்ணின் அம்மா வாயெல்லாம் பல்லாக வந்து, மாப்பிள்ளையின் அப்பாவிடம், "எங்க சின்னம்மாங்க. இவங்க பொண்ணுதான் ஆனைமலைல புரொபசரு" என்று கோகிலவாணியைக் காட்டினாள். பம்ப்செட் கம்பெனி முதலாளி, பருத்த மனுஷன், அதுவரை எல்லாருக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவர், இரண்டு கையையும் கூப்பினார். முதுகு வளைந்தது. "ஆனைமலைங்களா! எங்க சின்னவன் ரெண்டு தரம் எழுதியும் கெடைக்கலீங்கம்மா" என்றார். அந்த வளைவு கோகிலவாணிக்குத் தெரியும். உள்ளே இருந்து தெரியும், தன் முதுகிலேயே இருந்தது அது, ஒவ்வொரு டிசம்பரிலும். வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்குமா இது, இதை வைத்துக்கொண்டுதானா இவள் இத்தனை காலமும் அப்படிச் சாதாரணமாக நடமாடினாள். பக்கத்தில் வேணியக்கா புன்னகையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். முதலாளியின் பார்வை அவள்மேல் போய், பிடிக்க ஒன்றும் கிடைக்காமல், திரும்பி வந்தது. "இவங்க எங்க ஓரகத்திங்க. அமெரிக்கால இருந்து வந்திருக்காங்க. எங்க மூத்தவரு ஹேலிங்டன்ல படிச்சவருங்க" என்றாள் கோகிலவாணி. பேரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி நின்றது அவள் காதிலேயே விழுந்தது. "அது எந்த ஊருங்க?" என்று கேட்டார் முதலாளி. போட்டோகாரர் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி நிற்கச் சொன்னார். வேணியக்காவின் தோள் தன் தோளில் பட்டது. இந்த மேடையில் இத்தனை ஜனத்துக்கு நடுவில் அந்தப் பேர் தெரிந்த இரண்டே பேர் இங்கே தோள் உரச நிற்கிறோம், ஒருத்தி அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள், மிச்சம் நான் ஒருத்திதான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சிரித்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் வேணியக்கா தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். கோகிலவாணி, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று நேராகக் குழாயடிக்குப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். ஆதவ் நினைவுக்கு வந்தான். பதினெட்டு வயசு, மீசை அரும்பாத முகம். போன மாசம் திரையில் வந்து, இரண்டு வருஷமாகப் படித்த தமிழில், ரகரம் நாக்கில் உருள, "சின்னப் பாட்டி, நொய்யல்ல இப்ப தண்ணி வருதா?" என்று கேட்டான். அரைமணி நேரம் ஆற்றைப் பற்றியே கேட்டான். மணல், கரை, சாயப்பட்டறைத் தண்ணீர். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான். கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டு, "நான் அப்ளை பண்ணியிருக்கேன்னு தர்ஷினி அத்தைகிட்டச் சொல்லீராதீங்க. நானா வரோணும்" என்றான். நல்ல பையன். தானாகவே வந்துவிடுவான். வருவான், ஆனைமலைச் சட்டையைப் போட்டுக்கொள்வான், இவள் அடுத்த வருஷம் அமெரிக்காவில் நாலு பேரிடம், எங்க பேரன் ஆனைமலை என்று உதட்டைக் குவித்து ஒரு நொடி நிறுத்திச் சொல்வாள். ஹேலிங்டன் உசத்தியாக இருந்தபோதும் இவளுக்கு. ஆனைமலை உசத்தியானபோதும் இவளுக்கு. கோகிலவாணி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அடித்ததும் மகள் எடுத்துவிட்டாள். "என்னம்மா, சாப்டாச்சா? அப்பா ஸ்வீட்டுத் திங்காமப் பாத்துக்க." கோகிலவாணி, "தர்ஷி, நம்ம சொந்தத்துல ஒரு பையன் ஆனைமலைக்கு எழுதியிருக்கான், உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொன்னாங்க" என்றாள். அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மகள், வகுப்பில் பேசுகிற குரலில், மெதுவாக, "அம்மா. பேரச் சொல்லாத. பேரு எங்காதுல விழுந்துட்டா நான் எழுதிக் குடுத்தே ஆகோணும். அப்புறம் அவனுக்கு எப்பவுமே இல்ல. இப்பவே போன வெச்சுரு, நீ பேசுனதையே நான் மறந்தர்றேன்" என்றாள். கூடத்தில் பந்தி களைகட்டியிருந்தது. பாத்திரங்கள் மோதின, யாரோ ரசம் ரசம் என்று கூவிக்கொண்டு போனார்கள். வேணியக்கா காலி நாற்காலியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி அவளைத் தேடினாள். கண்டுபிடித்ததும், வா வா, இலை போட்டாச்சு என்று கையைக் காட்டிச் சிரித்தாள். அன்பான சிரிப்பு. கோகிலவாணியும் இங்கிருந்து சிரித்தாள், வருகிறேன் என்று தலையை ஆட்டினாள். "அம்மா, வெச்சுரட்டுமா?" என்றாள் மகள். "ஆதவ்" என்றாள் கோகிலவாணி. "ஈஸ்வரமூர்த்திப் பெரியப்பா பேரன், ஆதவ்." கூடத்துச் சத்தத்தில் கேட்காமல் போய்விடக் கூடாதென்று, போனை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரமும் சொன்னாள்.